‘கொட்டுக்காளி’ பார்த்தவர்களிடம் ஒரு கேள்வி: இதைப் படமென்று ஒத்துக்கொள்கிறீர்களா?

கொக்குவில் வாசகர் (இழையைத் தொடங்கியவர்)

பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய ‘கொட்டுக்காளி’யைப் பற்றி இங்கே ஒருவரும் எழுதவில்லை என்பதால் நானே தொடங்குகிறேன். 2024 பெப்ரவரியில் பேர்ளின் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, ஓகஸ்ட் 23 அன்று தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்து, அடுத்த மாதக் கடைசியில் அமேசான் பிரைமில் ஏறிய படம் இது. எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு மாலை சுவரில் வெள்ளைத் துணி கட்டி இதைப் போட்டோம். முடிந்ததும் பாதிப் பேர் ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். மற்றவர்கள், ‘இதற்காகவா எங்களைக் கூப்பிட்டீர்கள்?’ என்று கேட்டார்கள். அந்த வாக்குவாதம் முற்றத்தில் முடியாததால் இங்கே கொண்டுவருகிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த மீனா வேறு சாதிப் பையன் ஒருவனை விரும்புகிறாள். அவளை ஏதோ பேய் பிடித்துவிட்டது என்று நம்புகிற குடும்பம், அவளை மணக்கவிருக்கும் முறைமாப்பிள்ளை பாண்டியோடு சேர்ந்து, ஓட்டோவிலும் மோட்டார் சைக்கிள்களிலுமாக அவளை ஒரு சாமியாடியிடம் அழைத்துப் போகிறது. பலி கொடுப்பதற்கென்று ஒரு சேவலும் கூடப் போகிறது. பின்னணி இசை கிடையாது. மீனாவாக நடித்த அன்னா பென் படம் முழுவதிலும் ஏறக்குறைய வாய் திறப்பதேயில்லை. போய்ச் சேர்ந்த இடத்தில், தங்களுக்கு முன்னால் வந்த இன்னொரு பெண்ணுக்குச் சாமியாடி பரிகாரம் செய்கிற விதத்தைப் பாண்டி பார்க்கிறான். அதன் பிறகு அவன் என்ன செய்தான் என்று சொல்லாமலே படம் நின்றுவிடுகிறது.

என் அபிப்பிராயத்தில் இது நல்ல படம். ஆனால் எங்கள் வட்டத்தில் அதைப் பாராட்டியவர்கள் சொன்ன காரணங்களில் பல எனக்கு ஒப்பவில்லை. வெளிநாட்டு விழாவில் காட்டினார்கள் என்பது ஒரு காரணமாகாது. இசை இல்லை என்பதும் தன்னளவில் ஒரு சிறப்பாகாது. ஆகவே பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் ஏன் என்பதைக் காட்சியைச் சுட்டிக்காட்டி எழுதுவீர்களானால் நல்லது. முடிவை அறிய விரும்பாதவர்கள் மேற்கொண்டு வாசிக்க வேண்டாம் என்று சொல்வது வழக்கம். இந்தப் படத்துக்கு அந்த எச்சரிக்கை பொருந்துமோ தெரியாது.

கடைசி வாங்கு

எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் கேட்டபடியால் விரிவாகவே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்து ராஜா, மனோகரா, வின்சர் திரையரங்குகளில் படம் பார்த்து வளர்ந்தவன் நான். மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில், மண்ணெண்ணெய் தேடிப் பிடித்து ஜெனரேற்றர் இயக்கி, ஊரே ஒரு வீட்டில் கூடி விடியும்வரை படம் பார்த்த தலைமுறை எங்களுடையது. ஆகவே படம் பார்க்கப் பொறுமை இல்லாதவன் என்று என்னைச் சொல்ல முடியாது. என் குறை மெதுவாகப் போகிறது என்பதன்று. ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாக ஒரு ஓட்டோவுக்குப் பின்னால் என்னை இழுத்துக்கொண்டு போய், அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகப்போகிறதோ என்று பதற வைத்துவிட்டு, அந்தப் பதற்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில், ‘அதை நீயே யோசித்துக்கொள்’ என்று இயக்குநர் எழுந்து போய்விடுகிறார். பந்தியில் இருத்தி, இலை போட்டு, தண்ணீரும் தெளிக்க வைத்துவிட்டு, சோற்றை உங்கள் வீட்டில் போய்ச் சாப்பிடுங்கள் என்று சொல்வது போன்றது இது.

இதே ஓகஸ்ட் 23 அன்றுதான் மாரி செல்வராஜின் ‘வாழை’யும் வெளியானது. அதுவும் வாழைத்தார் சுமக்கிற பிள்ளைகளைப் பற்றிய துயரமான கதைதான், சண்டைப்படம் இல்லை. சனம் போய்ப் பார்த்தது, அழுதது, அதைப் பற்றிக் கதைத்தது. அப்படியானால் சனத்துக்குக் கனமான விடயம் பிடிக்காது என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப் போகிறது. தமிழ்நாட்டில் ஓர் இயக்குநரே, இந்தப் படத்தைத் திரையரங்கில் வெளியிட்டிருக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னார். அவருக்குக் கண்டனம் வந்தது. நான் அவர் பக்கம்தான்.

இன்னொன்று, பாண்டியாக நடித்த சூரி. பரோட்டாப் பகிடியிலிருந்து ‘விடுதலை’ வரையில் சூரி வந்த பாதை எல்லோருக்கும் தெரியும். சிவகார்த்திகேயன் தயாரிப்பு, சூரி கதாநாயகன் என்று சுவரொட்டியில் போட்டால், மனிசி பிள்ளைகளோடு போகிறவன் எதை எதிர்பார்த்துப் போவான்?

ஒலிபெருக்கிக்காரர்

கோயில் திருவிழாக்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் ஒலியமைப்புச் செய்வது என் தொழில் என்பதால், ஒலியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

‘சத்தமே இல்லாத படம்’ என்று பலர் சொல்லக் கேட்டேன். எனக்கோ, அண்மையில் பார்த்த தமிழ்ப் படங்களில் காதுக்கு ஓய்வே கொடுக்காத படம் இதுதான். ஓட்டோ இரைகிறது, மோட்டார் சைக்கிள்கள் முன்னும் பின்னும் உறுமுகின்றன, சேவல் சிறகடிக்கிறது, யாரோ ஒருவர் எப்போதும் ஏதோ முறைப்பாடு சொல்லிக்கொண்டிருக்கிறார். இவ்வளவுக்கும் நடுவில் ஒருத்தி மட்டும் பேசாமல் இருக்கிறாள். அதன்மேல் வயலினைப் போட்டு இழைத்திருந்தால் அவள் பேசாமல் இருக்கிறாள் என்பதே நமக்கு உறைத்திருக்காது. சோகமாக இருக்கிறாள் என்று மட்டும் விளங்கியிருக்கும்.

வழியில் ஒலிபெருக்கியில் ஒரு பழைய சினிமாப் பாட்டுக் கேட்கிற இடத்தை நினைத்துப் பாருங்கள். மீனா அந்தப் பாட்டை வாய்க்குள் முணுமுணுக்கிறாள். அது பாண்டியின் காதில் விழுகிறது. அதற்குப் பிறகு நடக்கிற அடிதடிதான் படத்திலேயே மிகக் கொடூரமான பகுதி. ஒரு பெண் ஒரு பாட்டை முணுமுணுத்தது ஒரு குடும்பத்தையே நடுத்தெருவில் அடி வாங்க வைக்கிறது. படம் தொடக்கத்திலிருந்தே பின்னணி இசையால் நிரப்பப்பட்டிருந்தால் அந்த முணுமுணுப்பு நமக்குக் கேட்டேயிராது. கேட்டாலும் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும்.

பாண்டியின் தொண்டையையும் கவனியுங்கள். தொண்டை கட்டிப்போய், கழுத்தில் சுண்ணாம்பு பூசிக்கொண்டு, கரகரத்த குரலில்தான் அவன் படம் முழுக்கப் பேசுகிறான். அதட்டியே பழகிய ஒருவனுக்கு அதட்டக் குரல் எழும்பாவிட்டால் அவன் கையைத்தான் ஓங்குவான். இதை எந்த வசனமும் சொல்லவில்லை.

கைத்தொலைபேசியில் பார்த்தவர்கள் ஒருமுறை நல்ல ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

சுன்னாகம் ஆசிரியை

மீனாவின் மௌனத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் ஆண்களாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். மௌனம் ஓர் ஆயுதம், மௌனம் ஒரு போராட்டம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். வீட்டில் ஒரு பெண் பேசாமல் இருந்தால் அது பெரும்பாலும் பேசிப் பேசிக் களைத்துப்போன பிறகு மிஞ்சியதாகத்தான் இருக்கும். அவள் என்னவெல்லாம் பேசினாள், யாரிடம் கெஞ்சினாள் என்பது படம் தொடங்குவதற்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது. நாம் வந்து சேர்ந்தது பிந்தித்தான். இந்த வகையில் மௌனம் எனக்கு உண்மையாகவே பட்டது. அதை வீரமாக்குவதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஒலிபெருக்கிக்காரர் சொன்ன அந்த அடிதடிக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதை யாரும் எழுதவில்லை. பாண்டி மீனாவை மட்டும் அடிக்கவில்லை. தடுக்கப் போன பெண்களும் அவனிடம் அடி வாங்குகிறார்கள். அதற்குப் பிறகு? பயணம் தொடர்கிறது. அடித்தவர்களும் அடி வாங்கியவர்களும் அதே சாமியாடியிடம் போவதற்காக மறுபடியும் ஏறிக்கொள்கிறார்கள். ‘வீட்டுக்குத் திரும்புவோம்’ என்று சொல்ல ஒருவரும் இல்லை. படத்தில் என்னை உலுக்கிய இடம் இதுதான். அடி விழுந்ததை விட, அடி விழுந்ததால் எதுவும் மாறவில்லை என்பது.

ஒடுங்கிய பாதையில் திரும்ப முடியாமல் நிற்கும் ஓட்டோவை, மீனா உள்ளே இருக்கத்தக்கதாக, ஆண்கள் சேர்ந்து தூக்கித் திருப்பி வைக்கிற காட்சியும் அப்படித்தான். இறங்கு என்று அவளிடம் சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை. உயர்தர வகுப்பு மாணவிகளுக்குப் பல வருடங்களாகப் படிப்பிக்கிறேன். பெறுபேறு வந்த கையோடு எந்தப் பிள்ளைக்கு எந்த நாட்டு மாப்பிள்ளை என்று மற்றவர்கள் தூக்கித் திருப்பி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் கூச்சலிட்டதில்லை.

ஆனாலும் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. முடிவைப் பார்வையாளரிடம் விட்டுவிட்டார் என்கிறீர்கள். உண்மையில் அவர் முடிவை விட்டது பாண்டியிடம். கடைசிக் கட்டத்தில் யாருடைய மனம் மாறுமா என்று காத்திருக்கிறோம்? மீனாவின் மனமா? அவளுடைய வாழ்க்கையை அவன் மனச்சாட்சியின் பரீட்சையாக மாற்றிவிட்டார்கள்.

வடமராட்சியான்

மேலே எழுதியவர்கள் எல்லோரும் இதை ஏதோ நம்முடைய கதை என்பதுபோல் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது மதுரைப் பக்கத்துக் கிராமத்து வாழ்க்கை. அவர்களுடைய குலதெய்வம், அவர்களுடைய பேச்சு, அவர்களுடைய முரட்டுத்தனம். எங்களிடம் மச்சான் மச்சாள் கலியாணம் இருக்கிறது. ஆனால் முறைமாப்பிள்ளை என்று உரிமை கொண்டாடித் தெருவில் போட்டு அடிக்கிற வழக்கம் இல்லை. தமிழ்நாட்டு விமர்சகர்கள் எதைக் கொண்டாடுகிறார்களோ அதை நாமும் கொண்டாட வேண்டும் என்ற கட்டாயம் என்ன? பேச்சு வழக்கே எனக்குப் பாதி விளங்கவில்லை. கீழே வருகிற ஆங்கில எழுத்தை வாசித்துத்தான் தமிழ்ப் படத்தை விளங்கிக்கொண்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பனங்கூடல்

வடமராட்சியானுக்கு: தெருவில் போட்டு அடிப்பதில்லை என்பது உண்மையாக இருக்கலாம். நாங்கள் படலையைச் சாத்திவிட்டுச் செய்கிறோம்.

யாழ்ப்பாணத்திலேயே எடுக்கப்பட்ட ‘பொன்மணி’ என்ற படத்தை இங்கே எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. 1977 இல் வெளியானது. இயக்கியவர் தர்மசேன பத்திராஜ என்ற சிங்களவர். எழுதியவர் நம்முடைய காவலூர் ராஜதுரை. சீதனம் கொடுக்க வழியில்லாமல் பெண்களைக் கரைசேர்க்க முடியாத ஓர் ‘உயர்ந்த’ குடும்பம், வேறு சாதி இளைஞனோடு போய்விடுகிற ஒரு பெண், கடைசியில் அவளுக்கு நேர்கிற கொலை. இதெல்லாம் மதுரையில் நடக்கவில்லை. அந்தப் படத்திலும் பாத்திரங்கள் அதிகம் பேசுவதில்லை. நம்முடைய வீடுகளுக்குள் இருக்கிற புழுக்கத்தைத்தான் அந்தக் கமரா பார்த்துக்கொண்டிருந்தது. நமக்கு நம்மைக் காட்டிய படம் அது.

அதற்கு ஒன்பது வருடங்களுக்கு முன்னால், 1968 இல், மாவிட்டபுரம் கோயிலுக்குள் எல்லாச் சாதியினரும் போக வேண்டும் என்பதற்காக இந்த மண்ணில் போராட வேண்டியிருந்தது. அந்தச் சமூகத்தின் பிள்ளைகள்தான் நாங்கள். பத்திரிகையில் வருகிற ‘மணமகள் தேவை’ விளம்பரங்களை இன்றைக்கும் எடுத்து வாசித்துப் பாருங்கள். சொல்லாமல் சொல்லுகிற கலையில் எந்த இயக்குநரும் நம்மை வெல்ல முடியாது.

பலி கொடுப்பது மதுரைப் பழக்கம் என்பீர்களோ? இங்கே கவுணாவத்தைக் கோயில் வேள்வியில் பலி கொடுக்கக் கடா வளர்த்துக் கொண்டுபோனவர்களை நம்மில் எல்லோருக்கும் தெரியும். அது நீதிமன்றம் வரையில் போன விடயம்.

மொழி விளங்கவில்லை என்பது நியாயமான குறைதான். சில வசனங்களை நானும் இரண்டாம் தடவைதான் பிடித்தேன். ஆனால் இந்தப் படத்தில் வசனத்தால் அறிய வேண்டியது எவ்வளவு இருக்கிறது?

மூன்றாம் குறுக்குத்தெரு

‘பொன்மணி’ யாழ்ப்பாணத்திலேயே ஓடவில்லை என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம், பனங்கூடல் ஐயா.

பனங்கூடல்

ஓடவில்லைத்தான். ஓடிய படங்கள் எவை, அவற்றில் இப்போது எவற்றைப் பற்றிக் கதைக்கிறோம் என்று நான் கேட்டால் அது வேறு விவாதமாகிவிடும். விட்டுவிடுகிறேன்.

கூத்துமேடை

படம் ஓடாததற்குச் சனத்தின் இரசனையைக் குறை சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. சனத்துக்கு இப்படிப்பட்டவை வேண்டாம் என்கிற கடைசி வாங்கோடும் உடன்பாடில்லை.

1985 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வழக்கமான கதையும் இல்லை, கதாநாயகனும் இல்லை. குழுவாக வந்து நின்று பாடினார்கள், அசைந்தார்கள், கேள்வி கேட்டார்கள். வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுக்கக்கூடிய முடிவு எதையும் அது கொடுக்கவில்லை. பல்கலைக்கழகத்தைத் தாண்டிக் கிராமங்களுக்கு அதைக் கொண்டுபோனார்கள். வெறும் நிலத்தில் இருந்து பார்த்த சனம், ‘இது நாடகமா?’ என்று கேட்டுவிட்டு எழும்பிப் போகவில்லை. அப்போது அந்தப் பார்வையாளர்களுக்கு யாரும் உலக நாடகக் கோட்பாடு படிப்பிக்கவும் இல்லை.

என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். அந்த நாடகம் எதைப் பற்றியது என்பது பார்க்க வந்தவர்களுக்கு முன்கூட்டியே உடம்பில் தெரிந்திருந்தது. வடிவம் புதிதாக இருந்தாலும் துன்பம் அவர்களுடையது. நாடகம் முடிந்த பிறகு, அதே இடத்தில் இருந்து, நடித்தவர்களோடு கதைக்கவும் முடிந்தது. ‘கொட்டுக்காளி’யைப் பார்க்கிறவனுக்கு அந்த இரண்டும் இல்லை. சுவரொட்டி அவனுக்கு வேறு எதையோ சொன்னது. படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். திறந்த முடிவு என்பது அதற்குப் பிறகு ஓர் உரையாடல் இருந்தால்தான் பொருள் பெறும். கொக்குவில் வாசகரின் முற்றத்தில் நடந்த சண்டைதான் அந்தப் படத்தின் மீதிப் பகுதி என்பது என் எண்ணம். 2015 முதல் நடந்துவருகிற யாழ்ப்பாண சர்வதேச திரைப்பட விழாவில் படம் பார்த்தவர்களுக்கு, படத்துக்குப் பின்னான அந்தக் கதைப்பு எவ்வளவு முக்கியம் என்பது தெரியும்.

கடைசி வாங்கு

கூத்துமேடை சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதியில் சிக்கல் இருக்கிறது.

ஊர் நாடகத்துக்கு நுழைவுச்சீட்டு இல்லை. பிடிக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம். வீடும் பக்கத்தில்தான் இருக்கும். சினிமா அப்படியன்று. ஒரு குடும்பம் படம் பார்க்கப் போவதென்றால் ஓட்டோக் காசு, சீட்டுக் காசு, இடைவேளையில் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கும் காசு என்று ஒரு நாள் கூலி போய்விடும். அந்த மனிதர் படம் முடிந்து வெளியே வந்து, ‘எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஏமாற்றிவிட்டார்கள்’ என்று சொன்னால், இணையத்தில் இருக்கிற நாலு பேர், உனக்கு இரசனை இல்லை, நீ மசாலாப் படத்துக்குத்தான் லாயக்கு என்று எழுதுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இயக்குநர் மீது குறைவாகவும் இவர்கள் மீது அதிகமாகவும்தான். பிடிக்கவில்லை என்று சொல்வதற்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கிறார்கள்.

நான் ‘இது படமில்லை’ என்று எழுதவில்லை. எனக்குக் கடன் வைத்திருக்கிற படம் என்றுதான் சொல்கிறேன். ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: வழியை மறித்துக்கொண்டு நிற்கிற மாட்டை, அத்தனை ஆம்பிளைகளும் திண்டாடிக்கொண்டு நிற்க, ஒரு சின்னப் பெண்பிள்ளை வந்து சாதாரணமாகக் கூட்டிக்கொண்டு போகிற காட்சி அருமை. வாய்விட்டுச் சிரித்தேன். அப்படி ஐந்து காட்சி இருந்திருந்தால் நான் இங்கே வந்து எழுதியிருக்க மாட்டேன்.

ரொறன்ரோ பனி

வேலைக்குப் போகிற பேருந்தில் மூன்று தவணையாகக் கைத்தொலைபேசியில் பார்த்தேன். ஒலிபெருக்கிக்காரர் அண்ணா கோபிக்க வேண்டாம். அப்படிப் பார்ப்பதற்குரிய படமில்லை என்பது எனக்கும் தெரியும்; ஆனால் நடந்து போகிற காட்சிகளை நான் ஓட்டித் தள்ளவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். இங்கே பிறந்து வளர்ந்த என் மகளுக்குக் காட்டியபோது அவள் கேட்டது ஒரே கேள்விதான்: ‘அந்தப் பெண் ஏன் ஓட்டோவிலிருந்து இறங்கி ஓடவில்லை?’ நான் சொன்ன பதில் எதுவும் அவளுக்குப் போதவில்லை.

தாதி

என் பெயரையும் வேலை செய்யும் இடத்தையும் எழுதப்போவதில்லை. மனநலப் பிரிவில் நீண்ட காலம் வேலை செய்தவள் என்பது மட்டும் போதும்.

எங்களிடம் வருகிற இளம் பெண்களில் பலர் எங்களிடம் முதலில் வருவதில்லை. ஏற்கெனவே பார்வை பார்த்து, நூல் கட்டி, கழிப்புக் கழித்து, சாத்திரியிடம் குறிப்பையும் கொடுத்துப் பார்த்த பிறகுதான் வருவார்கள். கையில் மூன்று நான்கு நிறத்தில் நூல்கள் இருக்கும். ஊசி போடும்போது அவற்றை அறுக்காமல் மேலே ஒதுக்கிவிட்டுத்தான் போடுவோம். அறுத்தால் தாய்மார் பதறிப்போவார்கள். அவர்களில் சிலருக்கு உண்மையிலேயே நோய் இருக்கும். சிலருக்கு நோயே இருக்காது. தாயை வெளியே அனுப்பிவிட்டுக் கதைத்தால், ஒரு பையனின் பெயர் வெளியே வரும். அந்தப் பிள்ளைகளைத் தனியாக இருத்திக் கதைப்பதுதான் நாங்கள் செய்கிற முதல் வைத்தியம். மீனாவை அப்படித் தனியாக இருத்தி, ‘என்னம்மா நடந்தது?’ என்று கேட்க ஒருவரும் இல்லை என்பதைப் படம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இது மெதுவான படமாகவே தெரியவில்லை.

ஆனால் படத்தோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. சாமியாடியை வெறும் கயவனாகக் காட்டி விடயத்தை முடித்துவிட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. போரில் பிள்ளையைத் தொலைத்த தாய்மார், கட்டுச் சொல்லுகிற அம்மாமாரிடம் போய், ‘உன் பிள்ளை எங்கோ இருக்கிறான்’ என்ற ஒரு சொல்லைக் கேட்டு, அந்தச் சொல்லோடு இன்னும் சில வருடம் உயிரைப் பிடித்து வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். அது சரியா பிழையா என்று என்னால் சொல்ல முடியாது. சனம் ஏன் அங்கே போகிறது என்ற கேள்விக்குப் படம் இடம் கொடுத்திருக்கலாம். சாமியாடி கெட்டவன் என்று காட்டியது இயக்குநர் தேர்ந்தெடுத்த சுலபமான வழி.

வடமராட்சியான்

தாதி அக்கா எழுதியதை வாசித்த பிறகும் ‘எங்கள் ஊரில் இல்லை’ என்று நான் வாதாடப்போவதில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். நம்முடைய நூல்களையும் கழிப்புகளையும் நம்முடைய தமிழில் காட்டுகிற படத்தை நாம் எடுக்கவில்லை. ஆகவே மதுரையைப் பார்த்து நம்மை நினைத்துக்கொள்கிறோம். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

பனங்கூடல்

பெருமைப்பட ஒன்றுமில்லை. ‘பொன்மணி’யை ஓட விடாத ஊர் அடுத்த ‘பொன்மணி’யை யாரிடம் கேட்பது?

மட்டுறுத்துநர்

ஈழத்துச் சினிமா ஏன் வளரவில்லை என்பதற்கு ஏற்கெனவே ஒரு நீண்ட இழை இருக்கிறது. அந்த விவாதத்தை அங்கே தொடருங்கள். இங்கே படத்தைப் பற்றி மட்டும்.

ஒலிபெருக்கிக்காரர்

சுன்னாகம் ஆசிரியையின் குறைக்குப் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். முடிவைப் பாண்டியிடம் விட்டது தவறு என்கிறார். ஆனால் அந்தச் சூழலில் முடிவெடுக்கிற அதிகாரம் அவனிடம்தானே இருக்கிறது? அதை மீனாவின் கையில் கொடுத்திருந்தால், அவள் சாமியாடியைத் தள்ளிவிட்டு எழுந்து நடந்திருந்தால், கைதட்டியிருப்போம். அது நமக்குச் சந்தோசமான பொய். கடைசியில் கமரா பாண்டியைப் பார்க்கிறது என்றால், அது அவனைப் போன்றவர்களைப் பார்க்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். சாமியாடி வேறொருத்தியின் உடம்பில் கை வைப்பதைப் பார்த்த பிறகுதான் ‘என்னுடையவளுக்கும் இதைத்தான் செய்வானோ’ என்று அவனுக்கு உறைக்கிறது. நடுத்தெருவில் தானே அடித்தபோது உறைக்கவில்லை. அந்தக் கேவலத்தைப் படம் மறைக்கவேயில்லை.

சுன்னாகம் ஆசிரியை

நல்ல விளக்கம், அண்ணா. ஆனால் நீங்கள் சொல்வது சரியென்றால் எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது. அப்படியானால் இந்தப் படம் பாண்டிமார் பார்க்க வேண்டியது. மீனாக்களுக்கு இதில் தெரியாதது ஒன்றுமில்லை. பாண்டிமார் பார்க்க வேண்டிய படத்தைப் பாண்டிமார் எழும்பிப் போகிற விதமாக எடுத்து வைத்திருக்கிறார். கடைசி வாங்கு அண்ணா சொன்ன அந்த நாள்கூலிக்காரர் இருந்து பார்க்கக்கூடியதாக எடுத்திருந்தால் அந்தப் பார்வை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போயிருக்கும். பேர்ளினில் இருந்தவர்களுக்கு முறைமாப்பிள்ளை உரிமை இல்லை.

கொக்குவில் வாசகர்

இந்த இடத்தில் ஒரு அறிவித்தல். வட்டத்தின் அடுத்த சந்திப்பில் இதே இயக்குநரின் முதற் படமான ‘கூழாங்கல்’லைப் போடவிருக்கிறோம். 2021 இல் ரொட்டர்டாம் விழாவில் உயரிய விருதைப் பெற்ற படம். அதுவும் ஒரு தகப்பனும் மகனும் வெயிலில் நடப்பதுதான் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் சுவரொட்டி ஏமாற்றியதாகச் சொல்லக் கூடாது. நீளம் குறைவு, ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். படம் முடிந்த பிறகு கதைப்பதற்கு அதைவிடக் கூடுதலான நேரம் ஒதுக்கியிருக்கிறோம். கூத்துமேடை சொன்னதைக் கேட்டுச் செய்த ஏற்பாடு அது.

கடைசி வாங்கு

நான் வருவேன். கதவடியில் ஒரு கதிரை போட்டு வையுங்கள்.

அதற்கு முன்னால் முடிவைப் பற்றி ஒன்று. திறந்த முடிவு, திறந்த முடிவு என்கிறீர்கள். பாண்டிக்கு முன்னால் இருப்பவை இரண்டு வழிகள்: மீனாவைச் சாமியாடியிடம் விடுவது, அல்லது கூட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவது. திரும்பினால் என்ன? அவளைக் கூட்டிக்கொண்டு போகிறவன் அதே பாண்டி. அவள் போகிற வீடு அதே வீடு. அவள் விரும்பிய பையனிடம் கொண்டுபோய் விடப்போகிறானா? அந்த மூன்றாவது வழி படத்தில் எங்கும் இல்லை. ஆகவே மீனாவைப் பொறுத்தவரை அந்த முடிவு திறக்கப்படவே இல்லை. பாண்டிக்கு மட்டும்தான் திறந்திருக்கிறது. ஆசிரியை சொன்னதைத்தான் நான் வேறு வாசலால் வந்து சொல்கிறேன். இரண்டு கதவும் ஒரே அறைக்குள் போகின்றன என்று இயக்குநருக்குத் தெரிந்திருந்தால், அதை எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதற்குப் பெயர் கலை என்றால், அந்தக் கலைக்கு நான் என் கடனை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

தாதி

சாமியாடியிடம் விடாமல் திரும்பிப் போவதும் போகாததும் ஒன்றுதான் என்று எழுதாதீர்கள், அண்ணா. அந்த அறைக்குள் போய்விட்டு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மீனாவுக்கு அந்த ஒரு வித்தியாசம் பெரியது.

கடைசி வாங்கு

அதை மறுக்க மாட்டேன், தங்கச்சி. அப்படியானால் அவன் திரும்பினான் என்று காட்டியிருக்கலாமே.